பின்கண்ணாடியும் அக்காவின் போனும்

எங்கள் கடையில் வேலையே செய்யாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். எங்களுடையது கார் கண்ணாடி மாற்றும் கடை. முன்னால், பின்னால், பக்கத்தில் எது உடைந்து வந்தாலும் புதிதாகப் பொருத்தி அனுப்புவோம். நான் வாசல் மேஜையில் உட்கார்ந்து போன் எடுப்பவள். நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் அந்தக் கடைக்குள் இதுவரை மூன்று முறை வந்திருந்தால் அதிகம். இருந்தாலும் கடந்த நான்கு வருடத்தில் அங்கே பொருத்திய பெரிய கண்ணாடிகளில் முக்கால்வாசி, அக்காவின் குரலைக் கேட்டுத்தான் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. நம்புவது கஷ்டம் என்று தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானும் நம்பவில்லை.

அக்கா திரைச்சீலை தைப்பவர். வயது நாற்பத்தெட்டு. நாலு தெரு தள்ளி ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் வேலை பார்க்கும் தையல் கடை இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு நீள மேஜை, கூரை வரை துணிச் சுருள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அக்கா ஓரம் மடித்துத் தைப்பார். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே போனில் பேசுவார். அதனால் அவர் பேச்சில் ‘ப’வும் ‘ம’வும் பாதிதான் வரும். போனை மெஷினுக்குப் பக்கத்தில் நூல்கண்டின் மேல் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டிருப்பார். இந்தப் பக்கம் நான் எடுத்தால் முதலில் மெஷின் ஓடும் சத்தம்தான் கேட்கும், அப்புறம்தான் அக்கா.

அவருடைய கணவர் எங்கள் கடையின் மூத்த வேலைக்காரர். பெயர் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. ‘மில்லி’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கண்ணாடிக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இடதுபக்கம் ஐந்து மில்லிமீட்டர் என்றால் வலதுபக்கமும் ஐந்துதான் இருக்க வேண்டும். ஐந்தேகால் இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் சுவரில் மாட்டிய நாட்காட்டியைக்கூட அளந்து மாட்டியவர் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

இன்னொரு வேலைக்காரர் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. நாற்பத்து மூன்று வயது, முன்மண்டை முழுக்க வழுக்கை. அக்கா ‘தம்பி’ என்று கூப்பிடுவதால் எல்லோரும் தம்பி என்கிறார்கள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவரை நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். மில்லி நிதானம் என்றால் தம்பி வேகம். பசை பூசுவதில் அவர் கைக்கு ஈடு இல்லை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பசையை ஒரே இழுப்பில், எங்கும் தடிக்காமல் மெலியாமல் இழுத்துக்கொண்டு வருவார். மில்லியே அதை மெச்சியிருக்கிறார். சண்டைக்கு முன்னால்.

சண்டை நடந்தது நான்கு வருடத்துக்கு முன்னால். உப்புச்சப்பில்லாத விஷயம். ஒரு முன்கண்ணாடி தம்பியின் கையில் விரிசல் விட்டது. கார்க்காரர் பக்கத்திலேயே நிற்க, மில்லி, “இவன் பார்த்தாலே போதும், கண்ணாடி தானா உடையும்” என்றார். தம்பி உடனே, “உங்க கையில கொடுத்தது எதுதான் நல்லா இருந்திருக்கு? எங்க அக்காவைக் கொடுத்தோமே, அதைச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சு அங்கேதான் போய்த் தைத்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பேசாதவர்கள் வேலையை விட்டாவது போக வேண்டும் அல்லவா? அதுவும் இல்லை. ‘நான் எதுக்குப் போகணும், அவன் போகட்டும்’ என்று இவர், ‘நான் எதுக்குப் போகணும், அந்தாளு போகட்டும்’ என்று அவர். சின்னக் கண்ணாடியை ஒருவரே பொருத்திவிடலாம். பெரிய கண்ணாடிக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் ரப்பர் கப்பால் கண்ணாடியைக் கவ்விப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி, ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஒருவர் முந்தினால் பசை ஒருபக்கம் பிதுங்கும். அதற்கு யாராவது எண்ண வேண்டும். மில்லி எண்ணினால் தம்பி அசைய மாட்டார். தம்பி எண்ணினால் மில்லிக்குக் காது கேட்காது.

அப்போதுதான் அக்கா போன் வழியாக நடுவில் வந்தார். யார் முதலில் கூப்பிட்டது என்பதில் இரண்டு கதை உண்டு, விட்டுவிடுவோம். வேலைமேஜையில் ஒரு போனை ஸ்பீக்கரில் வைப்பார்கள். மில்லி போனைப் பார்த்து, “அவனை வலதுபக்கம் பிடிக்கச் சொல்லு” என்பார். அக்கா அந்தப் பக்கமிருந்து, “தம்பி, வலதுபக்கம்” என்பார். தம்பி போனிடம், “பிரைமர் பூச்சு காஞ்சுடுச்சான்னு கேளு” என்பார். “காஞ்சுடுச்சாங்க?” என்பார் அக்கா. இரண்டு பேரும் நாலடி தூரத்தில்தான் நிற்பார்கள். கடைசியில் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, குண்டூசியைத் துப்பிவிட்டு, “ஒண்ணு… ரெண்டு… மூணு” என்று எண்ணுவார். மூன்றில் கண்ணாடி இறங்கும். ஒரு கண்ணாடிகூட அக்காவின் எண்ணிக்கையில் கோணலாக உட்கார்ந்ததில்லை. அவர் பார்த்ததே இல்லாத வண்டிகள் எல்லாம்.

வீட்டிலும் இதே கூத்துதான். அக்காவும் மில்லியும் இரண்டாவது மாடி, தம்பி தனியாளாக முதல் மாடி. சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில். ராத்திரி எட்டு மணிக்கு மில்லி சாப்பிட்டுவிட்டு நடக்கப் போவார். எட்டரைக்குத் தம்பி மேலே வருவார். அக்கா இரண்டு பேரோடும் பாதிப் பாதி சாப்பிடுவார். “ஒரு வேளைச் சாப்பாட்டை ரெண்டு பந்தியா சாப்பிடறவ நான் ஒருத்திதான்” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நாமாக இருந்தால் இரண்டு பேரையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டியிருப்போம். அக்காவுக்கு அந்தச் சுபாவம் இல்லை. யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொல்ல மாட்டார். அது நல்ல குணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதத்துக்கு முன்னால் ஒருநாள் மதியம் அக்கா கடை நம்பருக்குப் போன் செய்தார். மெஷின் சத்தம் இல்லை. வாயில் ஊசியும் இல்லை. எல்லா எழுத்தும் சுத்தமாக வந்தது.

“அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்காங்களா?”

“உள்ள இருக்காங்க அக்கா.”

“அப்ப உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், வெளிய விடாத. எனக்கு மார்ல ஒரு கட்டி. வர்ற வியாழக்கிழமை மயக்கம் கொடுத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பறாங்களாம். சொந்தக்காரங்க ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும், முடிஞ்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அப்படித்தான் அங்க சட்டமாம்.”

“மில்லி அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அவரைக் கூட்டிட்டுப் போனா தம்பி, ‘இத்தனைக்கும் அப்புறம் அந்தாளுதான் உனக்கு முக்கியமா’ம்பான். தம்பியைக் கூட்டிட்டுப் போனா அவரு, ‘பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியிலகூட நான் தேவைப்படலை’ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு. ரெண்டு பேரையும் கூப்பிட்டா, அவரு வர்றாருன்னு இவனும் இவன் வர்றான்னு அவரும் நின்னுடுவாங்க. எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒத்து வரலை.”

“அதுக்காகத் தனியா போவீங்களா?”

“எங்க தையல் கடைக்காரம்மா வர்றாங்க. கூடப்பிறந்தவங்கன்னு சொல்லிக்குவோம். நீ அன்னிக்கு என்னைக் கூப்பிடாத, போனை அணைச்சு வச்சிருப்பேன். அவங்க கேட்டா, துணி வாங்கப் போயிருக்கேன்னு சொல்லு.”

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அக்கா ஒன்று கேட்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வியாழக்கிழமைதான் பல் டாக்டரின் காருக்கு நாள் குறித்திருந்தோம். மின்சாரக் கார், விலையுயர்ந்த ரகம், வெள்ளை நிறம். நின்றால் சத்தமில்லை, ஓடினாலும் சத்தமில்லை. மகனுடைய சைக்கிளைப் பின்னால் திணித்துவிட்டுப் பட்டனை அமுக்கியிருக்கிறார் டாக்டர். பின்கதவு தானாக இறங்கியது, சைக்கிள் மிதி கண்ணாடியில் பட்டது. அவ்வளவு பெரிய பின்கண்ணாடியும் கல்கண்டுத் தூளாகிச் சீட்டில் கொட்டிவிட்டது. கூரையில் ஆரம்பித்து வால்வரைக்கும் ஒரே துண்டாக வளைந்து வரும் கண்ணாடி அது. உள்ளுக்குள்ளேயே சூடாக்கும் கம்பி, ரேடியோ பிடிக்கும் கம்பி எல்லாம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்துசேர ஏழு வாரம் ஆனது. அதுவரை டாக்டர் அந்த வண்டியின் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்வந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

காலை எட்டரைக்கே இரண்டு பேரும் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். சீட்டின் இடுக்கில் இருந்த தூளையெல்லாம் தம்பி உறிஞ்சி எடுத்தார். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசையை மில்லி மெல்லிய கத்தியால் சீவினார். பிறகு ஓரம் முழுக்கப் பிரைமர் பூசினார்கள். அது தண்ணீர் மாதிரி ஒரு கறுப்புத் திரவம், பசை பிடிப்பதற்காகப் பூசுவது. கையில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது. உறை போட்டுக்கொள்ளுங்கள் என்று கடை முதலாளியம்மா தலைபாடாக அடித்துக்கொள்வார். உறை போட்டால் விரலுக்குத் தெரியாது என்பார் மில்லி. அவர் போடாததால் தம்பியும் போடுவதில்லை. இதில் மட்டும் ஏட்டிக்குப் போட்டி இல்லை.

பத்தேமுக்காலுக்கு மில்லி என் மேஜைக்கு வந்தார்.

“அவ போன் அணைஞ்சு கிடக்கு. ஏதாவது சொன்னாளா?”

“துணி வாங்கப் போயிருக்காங்களாம்.”

“இன்னிக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்து நிமிடம் கழித்துத் தம்பி வந்தார். அதே கேள்வி, அதே பதில். “இன்னிக்குத்தானா போகணும்” என்றார் அவரும். அக்கா எங்கே, ஏன் என்று ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எண்ணுவதற்கு ஆள் இல்லையே என்பதுதான் இரண்டு பேருக்கும் கவலை. எனக்கு வந்த கோபத்துக்கு மேஜையில் இருந்த பேனாவை நறுக்கென்று மூடினேன்.

கடைசியில் நான்தான் எண்ண வேண்டியிருந்தது. தம்பி பசையை இழுத்து முடித்தார். பசை வைத்த பத்து நிமிடத்துக்குள் கண்ணாடி இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே தோல் கட்டிவிடும். இரண்டு பேரும் ரப்பர் கப்பை ஒட்டித் தூக்கினார்கள். ஆள் நீளத்துக்கு ஒரு வளைந்த கண்ணாடி அந்தரத்தில் நின்றது. நான் “ஒண்ணு” என்று வாயைத் திறக்கும்போது என் மேஜையில் போன் அடித்தது.

போகவா நிற்கவா என்று தெரியவில்லை. மில்லி என்னை முறைத்தார். நான் எண்ணி முடித்தேன். கண்ணாடி இறங்கியது. போன் அடித்து ஓய்ந்தது. மில்லி நான்கு ஓரமும் அளந்து, டேப் ஒட்டத் தொடங்கினார். மறுபடி அடித்தபோது ஓடிப்போய் எடுத்தேன்.

“நான்தான்” என்றார் அக்கா. “தையல் கடைக்காரம்மாவோட அம்மா காலையில குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்களாம். அவங்களால வர முடியலை. பன்னெண்டு மணிக்குள்ள யாரும் வரலைன்னா என்னை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்களாம். அடுத்த தேதி ஆறு வாரம் கழிச்சுத்தானாம். டாக்டரு அவ்வளவு தள்ளக் கூடாதுங்கறாரு.”

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது.

“யாரை அனுப்பட்டும் அக்கா?”

அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தை அழுவது கேட்டது.

“நீயே யாரையாவது அனுப்பு” என்றார் கடைசியில். “நீ சொல்லி வந்ததா இருக்கட்டும். நான் கூப்பிட்டதா இருக்க வேண்டாம்.”

போனை வைத்துவிட்டேன். நான் பொறுமைசாலி இல்லை. நேராக உள்ளே போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். “அக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்க” என்று கத்தினேன். “மார்ல கட்டி. பன்னெண்டு மணிக்குள்ள சொந்தக்காரங்க யாராவது போய்க் கையெழுத்துப் போடலைன்னா எடுக்க மாட்டாங்களாம். உங்கள்ல யாரைக் கூப்பிடறதுன்னு அவங்களுக்குத் தெரியலை. அதனால ஒரு வாரமா ரெண்டு பேர்கிட்டயும் சொல்லலை. யாரு போகணும்னு நானும் சொல்ல மாட்டேன்.”

மில்லியின் கையில் டேப் சுருள் இருந்தது. அதைக் கீழே வைக்க அவருக்கு இடம் தெரியவில்லை, சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். தம்பி ஆணியில் மாட்டியிருந்த கடை வேன் சாவியை எடுத்தார். மில்லி ஓடிப்போய்ப் பக்கத்துச் சீட்டில் ஏறினார். கதவு மூடுவதற்குள் வேன் தெருவில் இருந்தது. வழியில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். குறுக்குத் தெரு வந்தபோது மில்லி கையை மட்டும் காட்டினாராம்.

அவர்கள் போய்ச் சேரும்போது பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். அதற்குள் அக்காவை உடை மாற்றி உள் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மில்லி கையெழுத்துப் போட்டார். வீட்டு நம்பர், போன் நம்பரை எல்லாம் தம்பி எழுதினார். தாள் முழுக்கக் கறுப்பு விரல்ரேகை. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, இந்தக் கையோடு ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அக்கா, “யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டாராம். “வந்துட்டாரும்மா. கையெல்லாம் கறுப்பா இருக்கே, அவரு” என்றாளாம் நர்ஸ். எந்தக் கறுப்புக் கை என்று மறுபடி கேட்பதற்குள் மயக்கம் வந்துவிட்டதாம்.

இங்கே கடையில் வேறொரு கூத்து. பன்னிரண்டரைக்குப் பல் டாக்டர் வந்தார். வண்டியை மறுநாள்தான் கொடுப்போம் என்று அவருக்குத் தெரியும். வண்டிக்குள் விட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தாராம். நான் எழுந்திருப்பதற்குள் கதவைத் திறந்தார், எடுத்தார், சாத்தினார். ‘பொக்’ என்று ஒரு சத்தம்.

புதிதாக ஒட்டிய கண்ணாடி இருக்கும்போது பக்கத்து ஜன்னலை இறக்கி வைக்க வேண்டும். எல்லாம் மூடியிருக்கும்போது கதவைச் சாத்தினால், உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லாமல் ஈரப் பசையோடு கண்ணாடியை வெளியே தள்ளும். இது எங்கள் கடையில் கூட்டுகிறவருக்கும் தெரியும். ஆனால் இந்த வண்டியில் ஜன்னலை இறக்கி வைத்தால் மட்டும் போதாது. கொஞ்ச நேரத்தில் அதுவே பூட்டிக்கொண்டு ஜன்னலையும் ஏற்றிக்கொள்ளும். அப்படிச் செய்யாதே என்று நடுவில் இருக்கும் திரையில் அமுக்கிச் சொல்ல வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை. கண்ணாடியின் மேல் ஓரம் சுண்டுவிரல் அகலத்துக்கு எழும்பி நின்றது.

முதலாளியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். “ரெண்டு பேரையும் உடனே வரச் சொல்லு” என்றார். மில்லிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“அவளை உள்ள கொண்டுபோயிட்டாங்க. நான் வர மாட்டேன்” என்றார் மில்லி. கொஞ்சம் பொறுத்து, “அவன் வேணும்னா வரட்டும்” என்றார்.

“நானும் வர மாட்டேன்” என்று பக்கத்தில் தம்பியின் குரல் கேட்டது.

முதலாளியம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். “ஏழு வாரம் காத்திருந்து வாங்கின கண்ணாடி. இன்னும் கொஞ்ச நேரத்துல பசை இறுகிடும். வராட்டிப் போங்க, என்ன செய்யணும்னாவது சொல்லித் தொலைங்க.” போனை ஸ்பீக்கரில் போட்டுக் காரின் கூரைமேல் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். அறுபது வயதில் அவர் கண்ணாடியைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

“டேப் எல்லாத்தையும் உரிங்க” என்றார் மில்லி. “ஜன்னல் எல்லாத்தையும் இறக்குங்க. அப்புறம் ரெண்டு பேரும் மேல் ஓரத்துல உள்ளங்கையை வச்சு ஒண்ணா அமுக்குங்க.”

“மேல அமுக்கினா கீழ பிதுங்கும்” என்றது தூரத்தில் தம்பியின் குரல்.

நாங்கள் கையை மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தோம்.

“மேலதான்” என்றார் மில்லி, என்னிடம் சொல்வது போல.

“மாமா, கீழ பிடிக்க ஆளு இல்லாம மேல அமுக்கினா பிதுங்கத்தான் செய்யும். போன மாசம் அந்த ஸ்கூல் வேன்ல பார்த்தீங்கல்ல?”

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நான்கு வருடம் கழித்து அந்த ‘மாமா’.

“அது பிதுங்காதுடா. கீழ தாங்கறதுக்குக் கட்டை வச்சிருக்கேன்.”

“எப்ப வச்சீங்க?”

“காலையில. நீ பிரைமர் அடிக்கும்போது.”

“என்கிட்ட சொன்னீங்களா?”

“யார்கிட்ட சொல்லி அனுப்பறது? அவதான் போன் எடுக்கலையே.”

அப்புறம் தம்பி, “ஜன்னல் ஏறாம இருக்கறதுக்குத் திரையில நீங்க அமுக்கியிருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

“நீ அமுக்கியிருப்பேன்னு நான் நெனச்சேன்.”

“இப்ப நாங்க அமுக்கணுமா வேண்டாமா?” என்று முதலாளியம்மா கத்தினார். அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினோம். கண்ணாடி மெதுவாக, வேண்டாவெறுப்பாக உள்ளே போய் உட்கார்ந்தது. இடைவெளி எவ்வளவு என்று மில்லி கேட்டார். இடதுபக்கம் ஐந்து இருந்தது, வலதுபக்கம் ஆறுக்கு மேல். ரெண்டும் அஞ்சு என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவரே அளந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் அடித்துப் பார்த்ததில் ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. டாக்டருக்கு இன்றுவரை அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் தெரியாது.

அக்காவின் கட்டி கெட்டது இல்லை என்று ஒன்பது நாள் கழித்துத் தெரிந்தது. அந்த ஒன்பது நாளும் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஒரு வாரம் மறைத்து வைத்த பாவம் என்னைச் சும்மா விடவில்லை. இருந்தாலும் நான் சொல்ல வந்தது அதுவல்ல, வியாழக்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு நடந்தது. அக்கா சொல்லி ஒருமுறை, தம்பி சொல்லி ஒருமுறை கேட்டிருக்கிறேன், மில்லி சொல்லமாட்டார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து வராந்தாவில் நிறுத்தினார்களாம். அக்காவுக்குக் கண் திறக்க முடியவில்லை. காதில் மட்டும் பேச்சு விழுந்திருக்கிறது. கட்டையை இடதுபக்கம் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்று ஒரு குரல். நடுவில்தான் வைக்க வேண்டும், உனக்கு எத்தனை வாட்டி சொல்வது என்று இன்னொரு குரல். நடுவில் யாரும் இல்லை, ஒரு குரலுக்கு அடுத்த குரல் நேராகப் பதில் சொல்கிறது. அக்கா கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறந்தார். இந்தப் பக்கம் கணவர், அந்தப் பக்கம் தம்பி. இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டதாம்.

“ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்களே” என்றார், நாக்கு குழற. “நான் செத்துட்டேனா?”

நர்ஸ் சிரித்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேரும், ‘நீ சொல்லு’ என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். அக்காதான் மறுபடியும் ஒருதரம் கேட்க வேண்டியிருந்தது.